நனைந்த வெள்ளை

ஜெர்ஸி தைக்கும் அந்தக் கூடத்தில் அவளுக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருப்பதே எல்லாருக்கும் மறந்துபோயிற்று. சொட்டு என்றால்தான் தெரியும். எந்தத் துணி வந்தாலும் விரலைத் தண்ணீரில் நனைத்து ஒரு சொட்டு வைத்து, குனிந்து பார்ப்பாள். சொட்டு உருண்டு நின்றால் துணி வேர்வையைக் குடிக்காது. சட்டென்று விரிந்து மறைந்தால் நல்ல துணி. கல்யாணத்தில் மாப்பிள்ளைச் சட்டையிலும் சொட்டு வைத்துப் பார்த்தவள் என்று கட்டிங் மாஸ்டர் ஒரு கதை சொல்லிச் சிரிப்பார். அது கதையில்லை என்று அவள் கணவனுக்குத் தெரியும். அந்த மாப்பிள்ளையே அவன்தான்.

நூல் பிசிறு வெட்ட வந்தவள், துணி தேர்ந்தெடுக்கும் மேசைவரை வந்துவிட்டாள். அவள் கை வைத்த துணி சோடை போனதில்லை. அந்தத் தைரியத்தில்தான் தங்கை ஆடும் கால்பந்து அணிக்கும் வெள்ளைத் துணி ஒன்றைப் பொறுக்கிக் கொடுத்தாள். பூப்போல லேசு. சொட்டு வைத்த மாத்திரத்தில் மாயம்.

அந்தத் துணி மழையில் மானத்தை வாங்கிவிட்டது.

பாதி ஆட்டத்தில் மழை பிடித்துக்கொண்டது. ஜெர்ஸி உடம்போடு ஒட்டிக் கண்ணாடித் தாளாகிவிட்டது. கோட்டைத் தாண்டிப் போன பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கித்தான் உள்ளே எறிய வேண்டும். அணியிலேயே தூரமாக எறிபவள் தங்கை. அன்று பந்தை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாள். கூட்டத்தில் எவனோ விசிலடித்தான். அவள் கை மேலே எழவேயில்லை. பந்தைப் பக்கத்தில் இருந்தவளிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிட்டாள்.

"இனிமே நான் போகலக்கா."

"வேற துணி பாத்துத் தர்றேண்டி."

"போன தடவையும் நீதான பாத்த?"

சொட்டுக்குச் சோறு இறங்கவில்லை. எத்தனையோ அணிகளுக்குத் துணி சொன்னவள், ஒன்றைக்கூடப் போட்டுக்கொண்டு நனைந்து பார்த்ததில்லை. மேசைமேல் விரித்து வைத்த துணிக்கு உடம்பு ஏது?

அணியின் வெள்ளை நிறத்தை இந்த ஆட்டப் பருவத்தில் மாற்ற முடியாது. ஆகவே கூடத்துக்கு சாம்பிளாக வந்த வெள்ளைத் துணிகளையெல்லாம் மேல்சட்டையாகத் தைத்தாள். கூடத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி. உச்சி வெயிலில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டு தலையில் வாளித் தண்ணீரைக் கவிழ்த்தாள். தையல்காரப் பெண்கள் சுற்றி நின்று தீர்ப்புச் சொன்னார்கள்.

"இதுல உன் மச்சம்கூடத் தெரியுதுடி!"

"இது?"

"ஒண்ணும் தெரியல. ஆனா நனைஞ்ச சாக்கு மாதிரி தொங்குது. இதப் போட்டு ஓடினா பந்து முன்னாடி போகும், பிள்ளை பின்னாடி வரும்."

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாஸ்டர் குரல் வந்தது. "அம்மாமார்களே, நான் கத்தரி எடுக்க வரலாமா?"

"வந்தா உங்க தலையிலயும் ஒரு வாளி!"

தும்மித் தும்மி மூக்கு சிவந்தபோது ஒரு துணி அகப்பட்டது. நனைந்தும் வெள்ளையாகவே இருந்தது. உடம்பைத் தொட்டும் ஒட்டவில்லை. சொட்டு ஈரத்தோடே ஓடிப்போய் நூல் பார்க்கும் லென்ஸை அதன்மேல் வைத்தாள். மினுக்கில்லாத மங்கல் நூல். வெளிச்சத்தை ஊடுருவ விடாத நூல். உள்பக்கம் தேனடை போலக் குழி குழியாக இருந்தது. குழிகளின் விளிம்பு மட்டும்தான் தோலைத் தொடும். அதே துணியின் காய்ந்த துண்டு ஒன்றின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு வைத்தாள். நீர் பின்னலின் ஒரு கண்ணியிலிருந்து அடுத்த கண்ணிக்கு ஏறி, குழியைச் சுற்றி, வெளிப்பக்கம் போய் விரிந்தது. இன்னும் குனிந்து பார்த்தாள். யாரும் ஊதாமல், யாரும் தள்ளாமல், தண்ணீர் தானே வழி கண்டுபிடித்துப் போகிறது! இத்தனை காலம் சொட்டு மறைவதைத்தான் பார்த்திருக்கிறாள். அது எங்கே போகிறது என்று பார்த்ததே இல்லை.

தங்கையிடம் வாயால் சொன்னால் நம்ப மாட்டாள். மறுநாள் அணி பயிற்சி செய்யும் நேரம் பார்த்து, சொட்டு அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வாளியைக் கவிழ்த்தாள். ஈரம் சொட்டச் சொட்டத் தெருவில் இறங்கி நடந்தாள். கடைவாசலில் நின்றவர்கள் திரும்பினார்கள். கைகள் தாமாக முன்னால் மடங்கப் பார்த்தன. தங்கைக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. கைகளை விடாப்பிடியாகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நடந்தாள்.

மைதான ஓரம், வேடிக்கை பார்ப்பவர் கூட்டத்துக்கு முன்னால் போய் நின்று, இல்லாத பந்தை இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினாள்.

தங்கை பயிற்சியில் சேராமல் மரத்தடியில் உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்தாள். அக்காவைச் சுற்றி வந்து, முன்னும் பின்னும் பார்த்தாள்.

"லூசாக்கா நீ? தெரு முழுக்க இப்படியேவா வந்த?"

"ஏதாவது தெரியுதா, சொல்லு."

"உன் பைத்தியம்தான் தெரியுது." சொல்லிக்கொண்டே அந்த ஈரச் சட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்துப் பார்த்தாள். "எனக்கு எப்ப தர்ற?"

அடுத்த ஆட்டத்தில் மழை வரவில்லை, வெயில் கொளுத்தியது. பந்து கோட்டைத் தாண்டி வெளியே உருண்டதும் தங்கை போய் எடுத்தாள். எறியவில்லை. ஓரத்தில் கிடந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்து தன் தலையில் முழுக்க ஊற்றிக்கொண்டாள். அவள் பந்தைத் தூக்கி, முதுகு வில்லாக வளைய, எறிந்தாள்.

பந்து எல்லாத் தலைகளையும் தாண்டிப் போய்க்கொண்டேயிருந்தது.

"என்ன துணிங்க அது?" என்று பக்கத்தில் யாரோ கேட்டார்கள். சொட்டின் காதில் அது விழவில்லை. வாயைப் பிளந்தபடி, இன்னும் கீழே இறங்காத தங்கையின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.