செய்தி இல்லை, சாட்சி மட்டும்

எங்கள் சபையில் ஒரு வருடத்துக்கு மேல் பிரசங்கமே, நாங்கள் 'செய்தி' என்போம், நடக்கவில்லை. சொன்னால் யாரும் நம்புவதில்லை. ஆனால் மூப்பராக இருந்த அப்பா ஞாயிறுதோறும் எழுந்து நின்று அறிவித்ததை நான் என் காதால் கேட்டிருக்கிறேன். "இன்னைக்கும் செய்தி இல்ல. பாஸ்டரம்மா சாட்சி சொல்லுவாவ." அதன் பிறகு பாஸ்டரம்மா எழுந்து வந்து ஒரு மணி நேரம் சாட்சி சொல்வார்.

தாராவியில் எங்கள் சந்தின் கடைசியில் பள்ளிக்கூடப் பை தைக்கும் பட்டறைதான் எங்கள் ஆலயம். ஞாயிற்றுக்கிழமை காலையில் தையல் மெஷின்களைச் சுவரோரம் தள்ளி, போர்வை போர்த்தி, பாய் விரிப்பார்கள். ரெக்சின் பசை வாடை மட்டும் எங்கும் போகாது. பரலோகத்திலும் அந்த வாடைதான் அடிக்கும் என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். இன்றைக்கும் கடையில் புதுப் பை ஒன்றைத் திறந்தால் முக்காடு போட்டுக்கொள்ளக் கை போகிறது.

குழந்தைக்குத் தண்ணீர் தெளித்தால் போதாது, விவரம் தெரிந்த பிறகு முழுகித்தான் ஞானஸ்நானம் எடுக்க வேண்டும் என்று பழைய சபையோடு மல்லுக்கட்டி வெளியே வந்த மூன்று குடும்பங்கள் ஆரம்பித்தது எங்கள் சபை. தாராவியில் குடிக்கத் தண்ணீர் பிடிப்பதே பெரும்பாடு, இதில் முழுகுவதற்கு எங்கே போவது? டெம்போ பிடித்து ஜுஹு கடலுக்குப் போய் முழுகிவிட்டு வந்தார்கள். அவர்களை நடத்திய பாஸ்டர், பட்டறைக்கு மேலே இரும்பு ஏணியில் ஏறிப் போகும் ஒற்றை அறையில் மனைவியோடு குடியிருந்தார். பிள்ளைகள் இல்லை. ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் கண்டு அவர் இறந்துபோனார்.

புதுப் பாஸ்டர் வந்தால் அந்த அறை அவருக்குப் போய்விடும். பாஸ்டரம்மா ஊருக்கு, தம்பி வீட்டுக்குப் போக வேண்டியதுதான். அந்தத் தம்பி அடக்கத்துக்கே வரவில்லை. பாஸ்டரைவிடப் பாஸ்டரம்மாவுக்கு வேத அறிவு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும், பாஸ்டருக்கும் தெரிந்திருந்தது. ஆனால் பெண்கள் செய்தி கொடுக்கக் கூடாது என்பது சபையின் கொள்கை. மூப்பர்கள் எங்கள் வீட்டில் கூடித் தலையைச் சொறிந்துகொண்டிருந்தபோது அப்பாதான் வழி கண்டுபிடித்தார்.

"பொம்பள செய்தி கொடுக்கக் கூடாதுன்னுதான அண்ணாச்சி இருக்கு? சாட்சி சொல்லக் கூடாதுன்னு எங்க இருக்கு?"

சாட்சியை யாரும் சொல்லலாம். தொலைந்த ரேஷன் கார்டு கிடைத்தது, மூட்டுவலி குறைந்தது, கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்று இரண்டு வரியில் முடிந்துவிடும். பாஸ்டரம்மாவின் சாட்சியில் ராஜாக்கள் வருவார்கள், தீர்க்கதரிசிகள் வருவார்கள், பஞ்சம் வரும், யுத்தம் வரும். பாஸ்டரம்மா மட்டும் வரவே மாட்டார். பிரசங்க மேடைக்குப் பின்னால் போகாமல் பெண்கள் பாயின் ஓரத்தில் நின்றே சொல்வார். மேடையில் மின்விசிறிக் காற்று வராது, அதனால்தான் என்று நான் நினைத்திருந்தேன்.

இந்தச் சங்கதியை யாரோ செம்பூரில் போய் வத்தி வைத்துவிட்டார்கள். எங்களைப் போன்ற சின்னச் சபைகளையெல்லாம் மேற்பார்க்கும் பெரிய பாஸ்டர் அங்கேதான் இருந்தார். ஒரு ஞாயிறு காலை, பாய் விரித்துக்கொண்டிருக்கும்போதே சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். அப்பாவின் முகத்தில் ஈயாடவில்லை. பெரிய பாஸ்டர் அப்பாவை விட்டுவிட்டு, ஓய்வுநாள் பள்ளிக்காக வந்து உட்கார்ந்திருந்த என்னைக் கேட்டார்.

"பாப்பா, இங்க வாராவாரம் யாரு செய்தி கொடுக்கிறாங்க?"

"செய்தியே கிடையாது அங்கிள். சாட்சி மட்டுந்தான்."

அப்பா மூச்சு விட்டார். ஆனால் எனக்கு அதோடு நிறுத்தத் தெரியவில்லை.

"போன வாரச் சாட்சி, பானையில மாவு தீராத விதவை. அதுல மூணு குறிப்பு சொன்னாவ. சொல்லட்டா?"

மூன்றையும் வசன எண்ணோடு கணீரென்று ஒப்பித்தேன். மேல் அறை வரைக்கும் கேட்டிருக்கும். பெரிய பாஸ்டர், "நல்லா கவனிச்சிருக்க" என்றார். அப்பா போர்வையைச் சரிசெய்யப் போனார்.

ஆராதனையில் அப்பா வழக்கம்போல அறிவித்தார், குரல்தான் எழும்பவில்லை. பாஸ்டரம்மா எழுந்து வந்தார். கையில் வேதப் புத்தகம் இல்லை. அது இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது.

"காலைல எந்திச்சதும் ரெண்டு டம்ளர்ல சாயா ஊத்திருதேன்" என்று ஆரம்பித்தார். "ஊத்துன பொறவுதான் அவிய இல்லன்னு ஞாபகம் வருது. எதுக்கு இப்படிச் செஞ்சீரு ஆண்டவரேன்னு கேக்கேன். இன்னும் பதில் வரல. எனக்குப் போக வேற எடம் இல்ல. ஞாயித்துக்கெழம ஆனா நீங்க வந்து கீழ உக்காந்திருக்கிய. அதனால ஏணில எறங்கி வாரேன்."

ராஜாவும் இல்லை, பஞ்சமும் இல்லை. பெரிய பாஸ்டர் வந்திருக்கிற நாளில் போய் இப்படியா என்று எனக்குத் தவிப்பாக இருந்தது. வேதத்தை எடுத்துவர மறந்துவிட்டார், அதுதான் தடுமாறுகிறார் என்று புரிந்துகொண்டேன். சத்தமில்லாமல் ஏணியில் ஏறினேன். கட்டிலில் தலையணைக்குப் பக்கத்தில் இருந்தது. கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தேன். என் தலையைத் தடவினார், ஆனால் திறக்கவில்லை. "ஐயா பேசட்டும்" என்று அதைப் பெரிய பாஸ்டரிடம் நீட்டிவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்துகொண்டார்.

பெரிய பாஸ்டர் மேடைக்குப் போனார். அந்த வேதத்தைத் திறந்தார். பக்கத்துக்குப் பக்கம் ஓரத்தில் பென்சில் எழுத்து, எனக்கு முன்வரிசையிலிருந்தே தெரிந்தது. புரட்டிக்கொண்டே நின்றார். பிறகு மூடினார். "ஜெபிப்போம்" என்று மட்டும் சொன்னார், ஜெபமும் சின்னதுதான்.

முடிந்ததும் மேடையை விட்டு இறங்கிப் பெண்கள் பக்கம் வந்தார். சபையே பார்த்துக்கொண்டிருக்க, வேதத்தைப் பாஸ்டரம்மாவின் கையில் திரும்பக் கொடுத்தார்.

"அடுத்த வாரம் மறக்காம எடுத்துட்டு வாங்கம்மா."

பாஸ்டரம்மா அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தேம்பி அழுதார். அப்பா மெஷின் மேல் கையை ஊன்றிக்கொண்டு அழுதார். எனக்கோ ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மனுஷி ஒரே ஒரு நாள் மறந்துவிட்டார், அதற்காக இத்தனை பேர் முன்னால் குத்திக் காட்டலாமா?

வீட்டுக்குப் போகும் வழியில் அம்மாவிடம் அப்படியே கேட்டேன். அம்மா முக்காட்டால் முகத்தைத் துடைத்துத் துடைத்து நடந்தாள். பாவம், பாஸ்டரம்மா திட்டு வாங்கியது அம்மாவுக்கும் தாங்கவில்லை என்று, அவள் கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.