ஒரு கம்மர்கட் கரையும் நேரம்

திருப்பூருக்கு வந்த புதிதில் என்னை வேலையை விட்டு நீக்கியபோது, ஏதோ நல்லது நடக்கிறது என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். "ஏனுங்க தம்பி, பெரிய மனசு பண்ணி கொஞ்சம் அக்கட்டால போய் நில்லுங்க" என்றார் பனியன் கம்பெனி முதலாளி. அதுவரை என்னை அவர் 'டேய்' என்றுதான் கூப்பிட்டிருந்தார். தெற்கே எங்கள் ஊரில் கோபம் வந்தால் முதலில் கழன்று விழுவது மரியாதைதான். ஆகவே அவர் கைகாட்டிய இடத்தில் போய்ப் பெருமையாக நின்றேன். மத்தியானம் கட்டிங் மாஸ்டர் வந்து, "நீ இன்னும் கிளம்பலையா?" என்று கேட்ட பிறகுதான் விஷயம் புரிந்தது. இந்தப் பக்கம் எல்லோரும் எல்லோருக்கும் 'ங்க' போடுவார்கள். ஆனால் அந்த முதலாளிக்குக் கோபம் ஏற ஏறத்தான் 'ங்க' ஏறும். பிரியம் என்றால் 'டா'தான்.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். ஓர் இடத்தில் தங்காத கால். வீரபாண்டிப் பக்கம் சாயப்பட்டறையில் இருந்தபோது என் கை வாரத்துக்கு ஒரு நிறமாக இருந்தது. அனுப்பர்பாளையத்தில் பாத்திரங்களுக்குப் பாலிஷ் போட்டேன், இருமல் வந்தது, விட்டேன். லூதியானா போகும் லாரியில் கிளீனராக இருந்தேன். மலைமேல் ஒரு கோல்ஃப் மைதானத்தில் ஒரு சீசன் முழுக்க அடுத்தவர் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தேன். சாப்பிட்ட நாளும் உண்டு, சாப்பிடாத நாளும் உண்டு. ஊர் பார்த்தாயிற்று.

பல வருடம் கழித்துத் திருப்பூருக்குத் திரும்பி, கூப்பிட்டவர்களுக்கு ஆக்டிங் டிரைவராக வண்டி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அதே முதலாளி வந்து பின்சீட்டில் உட்கார்ந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. டிக்கியில் நீளமான ஒரு பையை வைக்கச் சொன்னார். எந்தப் பக்கம் மேலே வரவேண்டும் என்று நான் கேட்காமலே வைத்ததைப் பார்த்து, "இது என்னன்னு தெரியுமா?" என்றார். கோல்ஃப் மட்டைகள் என்றேன். நான் மலைமேல் வேலை பார்த்த கதையையும் சொன்னேன். அன்றைக்கே என்னை நிரந்தரமாக எடுத்துக்கொண்டார்.

வீட்டில் அவர் மனைவி, "டிரைவர்தான் ஏற்கனவே ஒருத்தர் இருக்காருங்களே, இவரு எதுக்கு?" என்றார்.

"இவன் கேடி" என்றார் முதலாளி. கோல்ஃபில் பை தூக்குகிறவனுக்கு அதுதான் பெயர்.

"கம்பெனில இருக்கற கேடிக பத்தாதுங்களா? ஊட்டுக்கு வேற ஒண்ணா?"

வெளிநாட்டிலிருந்து ஆர்டர் கொடுக்க வருகிறவர்கள் சாப்பாட்டு மேஜையில் கோல்ஃபைப் பற்றியே பேசிக்கொண்டிருந்ததால்தான் அவர் இதைக் கற்றுக்கொண்டார். கோயம்புத்தூர்ப் பக்கம் உள்ள மைதானத்தில் காசு கட்டிச் சேர்ந்தார். பந்தைத் தூரமாக அடிக்கும் வலு அவருக்கு இருந்தது. பந்து கோணலாகப் போனபின் அதைப் பொறுத்துக்கொள்ளும் வலுதான் இல்லை.

இத்தனைக்கும் கம்பெனியில் பொறுமைசாலி. சாயம் மாறி வந்தாலும், கரண்ட் போனாலும், தீபாவளிக்கு ஊருக்குப் போனவர்கள் பொங்கல் தாண்டித் திரும்பினாலும் தாங்குவார். ஏனென்றால் அங்கே குற்றம் சாட்ட ஆள் இருக்கிறது. மைதானத்தில் அடித்தது அவர், சும்மா கிடந்தது பந்து. வேறு யாரும் இல்லை. அதனால் பந்தோடுதான் பேசுவார்.

"ஏனுங்க, அந்த முள்ளுக்குள்ள போகோணும்னு உங்களுக்கு என்ன வேண்டுதலுங்க?"

மணல் பள்ளத்தில் விழுந்தால், "சௌகரியமா இருக்குதுங்களா? பாய் தலகாணி அனுப்பட்டுமுங்களா?" ஒரு தடவை மட்டையையே குளத்தில் வீசிவிட்டு, "நீங்க அங்கயே இருந்துக்கோங்க" என்றார். நான் முட்டளவு சேற்றில் இறங்கி எடுத்து வந்தேன்.

பனியன் துணி பின்னும் மிஷினில் ஓர் ஊசி உடைந்தால் துணியில் கோடு விழும். மிஷினை நிறுத்தி ஊசியை மாற்றுகிறவரைக்கும் அந்தக் கோடு துணி முழுக்க இறங்கிக்கொண்டே போகும். இது என்னைவிட அவருக்கு நன்றாகத் தெரியும். சத்தத்தை வைத்தே எந்த மிஷின் என்று சொல்லுவார். ஆனால் கோல்ஃபில் மூன்றாவது குழியில் உடைந்த ஊசியோடு பதினெட்டாவது குழி வரை ஓட்டுவார். ஒரு நாள் இதை அவரிடமே சொன்னேன். "நெம்பச் சரியாச் சொன்னீங்க" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் வாயைத் திறக்கவில்லை.

இந்த நேரத்தில்தான் அவருடைய ஒரே மகள் ஒரு பையனைக் கட்டிக்கொள்ளப்போவதாகச் சொன்னாள். கூடப் படித்தவன். பையனின் அப்பாவுக்குக் கோயம்புத்தூர்ப் பக்கம் நூல் மில். சாதி, ஜாதகம் எல்லாம் பெரியவர்கள் தங்களுக்குள் எப்படியோ தீர்த்துக்கொண்டார்கள். கடைசியில் பையனின் அப்பா ஒன்று சொல்லி அனுப்பினார்: பலகாரம் வைத்துப் பேசினால் எல்லோரும் நல்லவர்களாகத்தான் தெரிவார்கள், ஞாயிற்றுக்கிழமை சம்பந்தியோடு ஒரு ரவுண்டு கோல்ஃப் ஆடிவிட்டுச் சொல்கிறேன்.

சனிக்கிழமை சாயங்காலம் நான் வண்டி கழுவிக்கொண்டிருந்தபோது மகள் வந்தாள். கையில் ஒரு காகிதப் பொட்டலம்.

"அண்ணா, எங்கப்பா நாளைக்குப் பந்தோட பேசுனார்னா என் கல்யாணம் நடக்காதுங்க."

"நான் என்ன கண்ணு பண்ணட்டும்? வாயைப் பொத்தவா முடியும்?"

"அதுக்குத்தானுங்க இது" என்று பொட்டலத்தைக் கொடுத்தாள். உள்ளே கம்மர்கட், கெட்டி வெல்ல மிட்டாய். "'ங்க' ஏற ஆரம்பிச்சா ஒண்ணு குடுத்திருங்க. பல்லுல ஒட்டிக்கிட்டா அது கரையற வரைக்கும் பேச முடியாது. கரையறதுக்குள்ள கோவம் போயிரும். எங்கம்மா இத்தனை வருசமா இப்படித்தான் குடித்தனம் பண்ணுது."

மறுநாள் விடிந்ததும் கிளம்பினோம். பையனின் அப்பா மெலிந்த மனிதர், அதிகம் பேசாதவர், மூக்குக்கண்ணாடி. அவர் பையை அங்கே வேலை பார்க்கும் ஒருவர் தூக்கினார், எங்கள் பையை நான். இரண்டு பெரிய மனிதர்களும், "நீங்க அடிங்க", "இல்லீங்க, நீங்க மொதல்ல" என்று மாறி மாறிச் சொல்லிக்கொண்டே நின்றதில் பின்னால் வந்த கூட்டம் இருமத் தொடங்கியது.

முதல் கம்மர்கட் இரண்டாவது குழியிலேயே செலவானது. முதலாளியின் பந்து ஒரு வேப்பமரத்தில் பட்டு, வந்த வழியே திரும்பி அவர் காலடிக்கே வந்தது. "வாங்க, வாங்க" என்று ஆரம்பித்தார். நான் நீட்டினேன். முறைத்தார். யார் கொடுத்தனுப்பியது என்று புரிந்திருக்க வேண்டும், வாயில் போட்டுக்கொண்டார். தாடை அசைந்தது, கழுத்து நரம்பு இறங்கியது. அடுத்த அடி சுமாராகப் போனது.

இப்படியே நல்லபடி போயிருக்கும். ஆனால் பையனின் அப்பா அதைக் கவனித்துவிட்டார். அவருக்கும் அன்று நாள் சரியில்லை. பந்து தவறினால் அவர் ஒன்றும் சொல்லமாட்டார், கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். துடைத்துக்கொண்டே இருப்பார். ஆறாவது குழியில் பந்து தண்ணீரில் விழுந்தபோது கண்ணாடியைத் துடைத்தபடி என் பக்கம் வந்து, "ஏப்பா, அது என்ன? எனக்கும் ஒண்ணு குடு" என்றார்.

கொடுக்காமல் இருக்க முடியுமா? அதற்குப் பிறகு இவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று. கன்னம் உப்பிய இரண்டு முதலாளிகள் அதிகம் பேச்சில்லாமல் புல்வெளியில் நடந்துபோனார்கள். நூல் விலையைப் பற்றி அவர் ஏதோ கேட்டார், இவர் 'ம்ம்' என்றார். தூரத்திலிருந்து பார்த்தால் இருவரும் ஏதோ துக்கத்துக்குப் போவதுபோல் இருந்திருக்கும்.

கடைசிக் குழிக்கு வந்தபோது பொட்டலம் காலி.

முதலாளியின் பந்து நேராக மணல் பள்ளத்தில் போய் இறங்கியது, அதுவும் மேல்விளிம்பின் அடியில். அவர் பள்ளத்துக்குள் இறங்கி என் பக்கம் கையை நீட்டினார். நான் காலிக் காகிதத்தைப் பிரித்துக் காட்டினேன். பந்தைப் பார்த்தார். "ஏனுங்க" என்றார். பையனின் அப்பா மேலே நின்று கேட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அந்தப் பெண்ணின் முகம்தான் கண்ணுக்குள் வந்தது.

ஆனால் முதலாளி வாயை மூடிக்கொண்டார். வாயில் ஒன்றுமே இல்லை, தாடை மட்டும் அசைந்தது. இல்லாத கம்மர்கட்டை ஒதுக்கி ஒதுக்கி மென்றார். முழுதாகக் கரைகிறவரைக்கும் மென்றார் என்றே சொல்லலாம். அப்புறம் மட்டையைப் பிடித்து அடித்தார். மணல் பறந்தது. பந்து மேலேறி, மெதுவாக உருண்டு, குழிக்கு ஒரு சாண் பக்கத்தில் நின்றது.

அவரை அதற்கு முன்பு நான் அப்படிப் பார்த்ததில்லை. பள்ளத்திலிருந்து ஏறி ஓடிவந்து, அந்த ஒரு சாணையும் தட்டி உள்ளே விட்டுவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றார். அடுத்து பையனின் அப்பா. அவர் பந்தும் பக்கத்தில்தான் கிடந்தது. குனிந்தார், நிமிர்ந்தார், இந்தப் பக்கம் வந்து பார்த்தார், அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார், மறுபடி குனிந்தார்.

முதலாளி சந்தோஷம் தாங்காமல் கையை நீட்டிக் கத்தினார்: "அட அடிடா! பொண்ணு பாக்க வந்தவனாட்டம் நிக்கறே!"

எனக்குத் தோளிலிருந்த பை நழுவியது. கோபத்துக்கு மருந்து கொண்டுவந்திருந்தோம், சந்தோஷத்துக்கு என்ன செய்வது என்று யாரும் யோசிக்கவில்லை. முதலாளிக்கும் சொன்ன பிறகுதான் உறைத்தது. நீட்டிய கை நீட்டியபடி நின்றது.

பையனின் அப்பா நிமிரவில்லை. "பொண்ணு பாக்கத்தானே வந்திருக்கறேன்" என்று பந்தைப் பார்த்துச் சொன்னார். தட்டினார். பந்து குழியின் விளிம்பைச் சுற்றிக்கொண்டு வெளியே போனது. கண்ணாடியைக் கழற்றினார், ஆனால் துடைக்கவில்லை.

"கெடுத்துப்போட்டயேடா" என்றார்.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு பையனின் அப்பாவே பேசினார். "காத்தால வந்ததுமே நீ வாங்க போங்கன்னு பேசுனதுல எனக்குப் பயமாப் போச்சு. எங்கப்பனுக்கும் இதே வியாதிதான். மரியாதை கூடுச்சுன்னா நாங்கெல்லாம் காட்டுப் பக்கம் ஓடிருவோம். ஊட்டுக்கு வர்ற புள்ளையும் அப்படிப் பேசுமோன்னுதான் யோசனை. இப்பத்தான் நீ மனுசனாட்டம் பேசறே."

"புள்ளை அவங்கம்மாவாட்டமுங்க" என்றார் முதலாளி அவசரமாக.

"இன்னொரு 'ங்க' வந்துச்சு, நான் இப்படியே கெளம்பிப் போயிருவேன்."

திரும்பி வரும்போது அவிநாசி தாண்டும்வரை முதலாளி தாடையைத் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம் மெதுவாக, "நெசமாலுமே 'டா'ன்னா சொன்னேன்?" என்றார்.

"ஆமாங்க."

"பொண்ணு பாக்க வந்தவனாட்டம்னு வேற சொன்னனா?"

"அதுவுந்தாங்க."

மகள் என் போனில் கூப்பிட்டாள். ஸ்பீக்கரில் போட்டேன். "அண்ணா, அப்பா கோவப்பட்டாருங்களா?"

"இல்ல கண்ணு. கோவமே படல. சந்தோஷப்பட்டுட்டாரு."

"ஐயையோ!" என்றாள்.

அப்பா பின்சீட்டிலிருந்து, "போனை வைடா, ஊட்டுக்கு வந்து சொல்லிக்கறேன்" என்றார். அந்த 'டா' என்னைத்தான். எனக்கு அது நன்றாகவே இருந்தது.

கல்யாணம் அவிநாசியில் பெரிய மண்டபத்தில் நடந்தது. சொந்தக்காரர்கள் முன்னால் 'டா' போட முடியுமா? வாசலில் நின்ற முதலாளி சம்பந்தியை, "வாங்க, வாங்க, உக்காருங்க, சாப்பிட்டீங்களா" என்று வரவேற்றார். நான் கார் நிறுத்துகிற இடத்தில் இருந்தேன். கொஞ்ச நேரத்தில் பையனின் அப்பா பட்டு வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வந்தார்.

"ஏப்பா, காத்தாலிருந்து என்னை நெம்ப 'ங்க' போடறானே. நான் ஏதாச்சும் தப்புப் பண்ணீட்டனா?"

"உங்க மேல இல்லீங்க. சமையல்காரர் மேல. பந்தி லேட்டாவுதுங்க."

அவர் சட்டைப் பையில் கைவிட்டு, காகிதத்தில் சுற்றிய ஒன்றை எடுத்து என் கையில் வைத்தார். "ஓடு. கொண்டு போய்க் குடு. சமையல்காரன் ஓடிப்போயிட்டான்னா நமக்குத்தான் சோறு இல்லை."

முதலாளி அதற்குள் மேடைக்குப் போயிருந்தார், நான் ஏறிப்போய்க் கொடுத்தேன். அது என்ன, யார் அனுப்பியது என்று கேட்காமலே வாயில் போட்டுக்கொண்டார். அந்த நேரம் பார்த்துத்தான் போட்டோக்காரர் எல்லோரையும் வரிசையாக நிற்கவைத்தார். ஆல்பத்தில் இன்றைக்கும் பார்க்கலாம், பெண்ணின் அப்பாவுக்கு இடது கன்னம் வீங்கியிருக்கும். பார்க்கிறவர்கள் பல்வலி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.