எட்வின் அண்ணனின் மைக்கும் அறுபத்தாறாம் நம்பரும்

சனிக்கிழமை காலை, கம்பெனியில் டீ வந்த நேரத்தில் எங்கள் டிரம்மர் குமாரின் போன். “எட்வின் அண்ணன் போயிட்டாருங்க. நெஞ்சு வலின்னாங்க, ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள...” டம்ளரை மேஜையில் வைத்தது ஞாபகம் இருக்கிறது. குடித்தேனா என்று தெரியவில்லை.

நம் மெல்லிசைக் குழுவோடு பழகிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து திருப்பூருக்கு வந்தவர். நிட்டிங் கம்பெனியில் மெஷின் ஃபிட்டர், கச்சேரியில் சாக்ஸபோன். சாக்ஸபோனில் மாட்டியிருந்த அந்த மைக்கை அவர் தேர்ந்தெடுத்த கதை மட்டும் பாதிப் பேருக்குத் தெரியாது. அதில் என் தப்பும் இருப்பதால் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டேன்.

குழுத் தலைவர் வேலுசாமி அண்ணனிடம் என் புதுக் கீபோர்டில் அறுபத்தாறாம் நம்பரை அமுத்திக் காட்டியவன் நான்தான். சாக்ஸபோன் சத்தம் அப்படியே வந்தது. “அட, இதுவே போதுமாட்ட இருக்குது. அதுக்குன்னு தனியா ஓர் ஆளு எதுக்குங்க?” என்றார். பெருமைக்குக் காட்டப்போய், ஒரு மனுஷன் நிற்கிற இடத்துக்கே உலை வைத்துவிட்டேன்.

எட்வின் அண்ணன் சண்டைக்கு வரவில்லை. கிடார்காரர்கள் காலால் மிதிக்கிற பெடல் இரண்டைப் பழசாக வாங்கி வந்தார். ஒன்று எதிரொலி கொடுக்கும். மற்றது கூடவே ஓர் அடிக்குரலைச் சேர்த்துக்கொள்ளும். கீபோர்டு செய்யாததைச் செய்து காட்ட வேண்டும் என்பது அவர் எண்ணம். அதற்கு ஸ்டாண்டு மைக் உதவாது. பெடலை மிதிக்கக் கொஞ்சம் நகர்ந்தாலே சத்தம் விலகிவிடும். வாத்தியத்தின் வாயையே கவ்விக்கொள்ளும் கிளிப் மைக் வேண்டும். நல்லதெல்லாம் யானை விலை!

முதலில், பேச்சாளர்கள் சட்டையில் குத்திக்கொள்ளும் காலர் மைக்கை மாட்டி வந்தார். வேலம்பாளையத்தில் ஒரு கல்யாண வரவேற்பு. அது டிரம்ஸ், ஸ்பீக்கர் எல்லாச் சத்தத்தையும் வாரி வாங்கி எதிரொலிப் பெடலுக்குள் தள்ள, ‘கூ’வென்று ஓர் ஊளை. பெண்ணும் மாப்பிள்ளையும் காதைப் பொத்திக்கொண்டார்கள். “ஆயுத பூஜைக் கச்சேரியோட நிறுத்திக்கலாமுங்க எட்வின்,” என்றார் வேலுசாமி அண்ணன். அவ்வளவு மரியாதையாகச் சொன்னதுதான் எனக்குச் சுருக்கென்றது.

அடுத்த வாரம் கோயமுத்தூர்க் கடையில் கெஞ்சி, மூன்று மலிவு மைக்குகளை ஒருநாள் இரவலாக வாங்கி வந்தார். “கடை ஏசி ரூம்ல எல்லா மைக்கும் நல்ல புள்ளதாம்டே. நம்ம கம்பெனிக்கு வா,” என்று என்னைக் கூப்பிட்டார். ஓடுகிற நிட்டிங் மெஷின்களுக்கு நடுவில் நின்றுகொண்டு ஊத ஆரம்பித்தார், ஐயோ! பக்கத்தில் நின்று கத்தினாலும் கேட்காத இடம் அது. ஹெட்போன் என் தலையில். முதல் மைக்கில் மெஷின்தான் கேட்டது. இரண்டாவது, சவுண்ட் மிக்ஸரிலிருந்து கரண்ட் வந்தால்தான் பேசுமாம். பெடலில் சொருகியதும் ஊமை. மூன்றாவதற்குச் சொந்தமாக ஒரு பேட்டரிப் பெட்டி இருந்தது. அத்தனை இரைச்சலிலும் சாக்ஸபோன் மட்டும் தனியாக வந்தது. நேர் எதிரே வருகிற சத்தத்தை மட்டும் வாங்குகிற மைக் அது.

“காது அகலமா உள்ளவன்கிட்ட ரகசியம் சொல்லப்பிடாது. மைக்கும் அப்படித்தாம்,” என்றார்.

சாக்ஸபோனில் விரலால் அமுத்தும் கட்டைகளின் ‘டக் டக்’ மட்டும் கிளிப் வழியாக ஏறியது. சொன்னேன். தையல் செக்‌ஷனின் வேஸ்ட் மூட்டையில் கைவிட்டு, ஜட்டி இடுப்பு எலாஸ்டிக்கில் ஒரு துண்டை எடுத்து, கிளிப்புக்கும் மைக்குக்கும் நடுவே தொட்டில் மாதிரிக் கட்டினார். டக் டக் நின்றே போனது. இந்த மனுஷனுக்கு எங்கிருந்துதான் யோசனை வருமோ!

“என்னைய எதுக்குங்ணா கூப்பிட்டீங்க?” என்று கேட்டேன்.

“அந்த நம்பர அமுத்திக் காட்டுனது நீதான்னு தெரியும்டே. ஒங்காது ஒத்துக்கிட்டா ஊரே ஒத்துக்கிடும்,” என்று சிரித்தார். நான் குனிந்து ஹெட்போன் ஒயரைச் சுற்ற ஆரம்பித்தேன்.

ஆயுத பூஜைக் கச்சேரியும் அதே கம்பெனியில்தான். மெஷின்கள் சந்தனப் பொட்டோடு ஓய்ந்து நின்றன. அந்த மூன்றாவது மைக்கையே விலைக்கு வாங்கி மாட்டியிருந்தார். எட்வின் அண்ணன் இரண்டு பெடலையும் மிதித்துவிட்டு, நீள ஒயரை இழுத்துக்கொண்டு மேடையிலிருந்து இறங்கினார். மெஷின்களுக்கு இடையே நடந்துகொண்டே ஊதினார். நாலு பேர் நாலு மூலையிலிருந்து ஊதுவதுபோல் ஷெட்டே நிறைந்தது. பீகார்ப் பையன்கள் பெஞ்சின் மேல் ஏறி நின்று பார்த்தார்கள். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன்.

“ஏம்ப்பா, வாசிக்கலையா?” என்றார் வேலுசாமி அண்ணன்.

“கேட்டுட்டிருக்கேனுங்க,” என்றேன். கச்சேரி முடிந்ததும் தானே போய், “எட்வின், அடுத்த மாசத் தேதியெல்லாம் குறிச்சுக்குங்க,” என்றார்.

அன்றிலிருந்து நான் அறுபத்தாறை அமுத்தியதில்லை. அவர் விட்டுப்போனதில் எனக்கென்று இருப்பது அந்தப் பழக்கம் ஒன்றுதான். வருகிற ஞாயிறு கச்சேரியிலும் சாக்ஸபோன் வரவேண்டிய இடம் வரும். அப்போது கையை எடுத்துவிடப்போகிறேன். யாராவது ஏன் வாசிக்கவில்லை என்று கேட்டால், கேட்டுக்கொண்டிருக்கிறேன் என்றுதான் சொல்வேன்.