பெண் விசாரிக்க வந்தவர்களிடம் நான் சொன்னது

மூன்று வருடங்களுக்கு முன்பு, ஒரு மாசி மாதம் நடந்தது இது. அருப்புக்கோட்டைக்கு வெளியே உள்ள ஒரு நூற்பு மில்லின் டைம் ஆபீஸில் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். இப்போதும் அங்கேதான் இருக்கிறேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், யார் லீவு, எதற்காக லீவு என்பதெல்லாம் என் மேஜையைத் தாண்டித்தான் போகும். டாக்டர் சர்டிபிகேட் வந்தால் வாங்கிப் படித்து, ஃபைலில் வைத்து, பீரோவைப் பூட்ட வேண்டும். அதில் படித்ததை வெளியே பேசக் கூடாது என்று எனக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க வேண்டிய விஷயமா அது?

நான் கொஞ்சம் பேச்சுக்காரி. மில்லில் முக்கால்வாசிப் பேருக்கு நான் அக்கா. யாருக்கு வளைகாப்பு, யார் வீட்டில் மாமியார் சண்டை எல்லாம் எப்படியாவது என் காதுக்கு வந்துவிடும். அதில் எனக்குப் பெருமை வேறு. புதிதாகச் சேருகிறவர்களிடம், ஆபீஸ் என்றால் இன்னொரு குடும்பம் என்று சொல்லிக்கொண்டு திரிவேன்.

பக்கத்து மேஜையில் ஒரு பெண் இருந்தாள். பஞ்சு வரவையும் நூல் லோடுகளையும் கம்ப்யூட்டரில் ஏற்றுகிற வேலை அவளுக்கு. திருச்சுழிப் பக்கம் சின்ன ஊர். அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் காட்டில் கூலி வேலை செய்து அவளை டிகிரி வரை படிக்க வைத்தவர்கள். அவள் ஊர் பஸ்ஸும், நான் வருகிற எம்.ரெட்டியபட்டி பஸ்ஸும் கொஞ்சம் முன்னே பின்னே டவுனுக்குள் வரும். பஸ் ஸ்டாண்டில் சேர்ந்துகொண்டு மில் வேனில் ஒன்றாகப் போவோம். மதியம் ஒன்றாகச் சாப்பிடுவோம்.

முந்தைய ஆடியில் அவளுக்கு வீட்டில் வைத்து வலிப்பு வந்துவிட்டது. மதுரைக்குக் கூட்டிப்போய்ப் பார்த்து, மாத்திரை ஆரம்பித்தார்கள். ஆறு நாள் லீவு. திரும்பி வந்த அன்று சர்டிபிகேட்டை நீட்டி, வேறு யாருக்கும் தெரிய வேண்டாம் அக்கா என்றாள். இது என்னோடு போய்விடும் என்று அவள் கையைப் பிடித்துச் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன்.

மாசியில் அவளுக்கு ஒரு வரன் வந்தது. மல்லாங்கிணறுப் பக்கத்து மாப்பிள்ளை, விருதுநகரில் வேலை. பெண் பார்த்துவிட்டுப் போன பிறகு இரண்டு பேரும் போனில் பேச ஆரம்பித்தார்கள். அவளுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது. கேட்டால் அதெல்லாம் இல்லை என்பாள். ஆனால் போன் வந்தால் சோற்றை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவாள், நான் கேலி செய்வேன்.

ஒருநாள் அவளாகவே சொன்னாள். வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் திருச்சுழி கோயிலில் சந்திக்கப் போகிறார்கள். அங்கே வைத்து வலிப்பு வந்ததை அவரிடம் தானே சொல்லிவிடப் போகிறாளாம். போனில் சொல்ல வேண்டாம், முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும் என்று இருந்தாள். கல்யாணம் முடியட்டும், அப்புறம் பார்க்கலாம் என்று அம்மா தடுத்திருக்கிறார். அவள் கேட்கவில்லை. நல்ல புத்தி, தைரியமாகச் சொல் என்றேன்.

அதற்குள் வியாழக்கிழமை வந்தது. எங்கள் பக்கத்தில் பெண் எடுக்கும் முன்னால் அவள் வேலை பார்க்கிற இடத்தில் விசாரிப்பது வழக்கம். நேராக வந்து கேட்க மாட்டார்கள். வேலைக்கு ஆள் எடுக்கிறீர்களா என்கிற மாதிரி ஏதாவது சாக்கு வைத்துக்கொண்டு வருவார்கள். அன்றும் செக்யூரிட்டி உள்ளே வந்து, வேலை விஷயமாக இரண்டு பொம்பளைகள் என்னைக் கேட்பதாகச் சொன்னார். அவள் அப்போது குடோனில் லோடு பார்த்துக்கொண்டிருந்தாள்.

கேட்டுக்கு எதிர்த்த டீக்கடையில் வயதான ஒரு அம்மாளும், கூட அவர் மருமகளும் உட்கார்ந்திருந்தார்கள். கொஞ்ச நேரம் வேலையைப் பற்றிப் பேசிவிட்டு, தான் மாப்பிள்ளைக்குப் பெரியம்மா என்றார் அந்த அம்மாள். மில்லில் எதுவானாலும் என்னைத்தான் கேட்க வேண்டும் என்று வெளியே சொன்னார்களாம். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அவள் குணம், வேலைச் சுத்தம், பெரியவர்களிடம் மரியாதை என்று சொந்தத் தங்கச்சிக்குப் பேசுகிற மாதிரி பேசித் தள்ளினேன். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார். பிறகு, டீயை ஆற்றிக்கொண்டே, ரொம்பப் பிரியமாகக் கேட்டார்.

"ஆடியில பிள்ளைக்கு முடியாம லீவு போட்டுச்சாமே தாயி. இப்ப எப்படி இருக்கு?"

ஓ, ஞாயிறு வரை காத்திருக்காமல் போனிலேயே சொல்லிவிட்டாள் போல, அவர்களும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை போல என்று நினைத்துவிட்டேன். தெரிந்த விஷயம்தானே, நல்லபடியாகச் சொல்லி வைப்போம் என்று வாயைத் திறந்தேன்.

"அதெல்லாம் சரியாப்போச்சும்மா. மாத்திர ஆரம்பிச்சதுலருந்து வலிப்பு ஒருவாட்டிகூட வரல."

அந்த அம்மாளின் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. நல்லது தாயி என்று மீதி டீயைக் குடித்தார். மருமகள் மட்டும் சட்டென்று மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள். அப்போதுகூட என் மரமண்டைக்கு உறைக்கவில்லை. அவருக்குத் தெரிந்திருந்ததெல்லாம் ஆடியில் சில நாள் லீவு என்பது மட்டும்தான். மில்லுக்கு வருகிற யாரோ சொல்லியிருக்கிறார்கள். மீதியைப் பிடுங்கத்தான் வந்திருந்தார், நான் தட்டில் வைத்துக் கொடுத்துவிட்டேன்.

ஏதோ சாதித்த மாதிரி உள்ளே வந்து, நீ வாழப்போகிற வீட்டுக்காரர்களிடம் நல்லபடியாகப் பேசிவிட்டேன் என்று அவளிடம் சொன்னேன். என்ன பேசினீர்கள் என்று கேட்டாள். ஒன்று விடாமல் சொன்னேன். தட்டச்சு செய்துகொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"வலிப்புன்னு சொன்னீகளாக்கா?"

உடனே போனை எடுத்துக்கொண்டு வெளியே ஓடினாள். அவர் எடுக்கவில்லை. சாயங்காலம் அவராகக் கூப்பிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: இத்தனை நாள் பேசினோமே, இதை நான் பெரியம்மா சொல்லியா தெரிந்துகொள்ள வேண்டும்? ஞாயிற்றுக்கிழமை சொல்ல இருந்ததாக இவள் சொன்னதை அவர் நம்பவில்லை. மாட்டிக்கொண்ட பிறகு யாரும் அப்படித்தானே சொல்வார்கள். மறுநாள் ஜாதகம் சரியில்லை என்று தரகர் மூலம் சொல்லி அனுப்பி முடித்துக்கொண்டார்கள்.

இரண்டு நாள் லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை வந்தவள் முன்னால் நின்று அழுதேன். அவர்களுக்குத் தெரியும் என்று நினைத்துவிட்டேன், உனக்கு நல்லது என்றுதான் பேசினேன் என்று என்னென்னவோ சொன்னேன். முழுக்கக் கேட்டுவிட்டு மெதுவாகத்தான் பேசினாள். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன்.

"நானாச் சொல்லியிருந்தா அது உண்மையாப் போயிருக்கும்க்கா. நீங்க சொன்னதுனால நான் மறைச்சதா ஆயிப்போச்சு."

அவள் மேலிடத்தில் என்மேல் புகார் கொடுத்திருந்தால் என் வேலை போயிருக்கும், போவதும் நியாயம்தான். அவள் கொடுக்கவில்லை. எனக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. நானே மேனேஜரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை இப்போது நினைத்தாலும் கூசுகிறது. சர்டிபிகேட்டுகள் இனி ஒட்டிய கவரில் தன்னிடம் நேராக வர வேண்டும் என்று சொல்லி, பீரோ சாவியை வாங்கிக்கொண்டார்.

அவள் அதே மேஜையில்தான் இருந்தாள். காலையில் வணக்கம் சொல்வாள், கேட்ட விவரத்தைத் தருவாள், சாப்பாட்டுக்கு மற்ற பெண்களோடு போய்விடுவாள். சண்டை போட்டால் சமாதானம் ஆகலாம். அவள் சண்டையே போடவில்லை.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆனது. இந்த மாப்பிள்ளையிடம் பெண் பார்க்க வந்த அன்றே எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள் என்று கேள்விப்பட்டேன். அவர் சரி என்றிருக்கிறார். கல்யாணப் பத்திரிகை, ஆபீஸ் முழுவதற்கும் சேர்த்து ஒன்று வந்தது. டவுனில் மண்டபம். எல்லோரோடும் நானும் போனேன், வரிசையில் நின்று மேடைக்கு ஏறினேன். என்னைப் பார்த்து நன்றாகவே சிரித்தாள். மாப்பிள்ளை பக்கம் திரும்பி, "இவுக எங்க மில்லுல டைம் ஆபீஸ் பாக்குறாக" என்றாள். அவர் கும்பிட்டார். நானும் கும்பிட்டுவிட்டு இறங்கி வந்தேன்.

அவள் சொன்னதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை. டைம் ஆபீஸ்காரியாக மட்டும் அன்றைக்கு அந்த டீக்கடைக்குப் போயிருந்தால் நான் வாயைத் திறந்திருக்கவே மாட்டேன். சொந்தக்காரி என்று என்னை நானே நினைத்துக்கொண்டு போனதுதான் ஒரு பெண் தன் வாயால் சொல்ல வேண்டியதைப் பிடுங்கிக்கொண்டது என்பது இன்றும் எனக்கு உறுத்திக்கொண்டே இருக்கிறது.