ஜீப்பின் நடுக்கால்

பதினொரு பேருக்குத் தெரிந்திருக்கிறது. எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடம் கழித்தும் அந்த எண்ணிக்கை நினைவுக்கு வந்தால் அன்றைக்குச் சோறு இறங்குவதில்லை.

அறுபதுகளின் நடுவில், கல்யாணமான கையோடு, திருப்பூரில் என் மாமனாரின் சலவைப் பட்டறைக்கு வேலை பழகப் போனேன். பி.ஏ. படித்தவன். பனியன் துணியை வெளுத்து, லாரியில் ஏற்றி, இரண்டு மைல் தள்ளியிருந்த களத்தில் காயப்போட்டுக் கொடுப்பதுதான் தொழில். தை பிறக்கும்வரை பார்ப்பேன், கை தேறிவிட்டால் பட்டறைச் சாவி மாப்பிள்ளைக்கு, இல்லாவிட்டால் என் மகனுக்கு என்று மாமனார் எல்லோர் முன்னாலும் சொல்லியிருந்தார். மகன், அதாவது என் மைத்துனன், எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். அவனிடம் அந்தச் சாவி போய்விடக் கூடாது என்பது ஒன்றுதான் எனக்கு அப்போது நினைப்பு.

லாரியின் ஸ்டார்ட்டர் செத்துப் போயிருந்தது. தினமும் காலையில் எட்டுப் பேர் தள்ளித்தான் அது உயிர் பெறும். ஆற்றோரத்துச் சேறு, அதில் சலவைத் தண்ணீர் வேறு. பதினாறு காலில் நாலு காலாவது சறுக்கிக்கொண்டே இருக்கும். ஒரு நாள் இருபத்து மூன்று நிமிடம் தள்ளினார்கள்.

பட்டறையில் ராணுவ ஏலத்தில் எடுத்த ஜீப் ஒன்று இருந்தது. அதைக்கொண்டு லாரியை முட்டித் தள்ளலாமே என்று யோசித்தவன் நான். ஆனால் ஜீப்பின் பம்பர் தாழ்வு, லாரியின் பின்கட்டை உயரம். அப்படியே முட்டினால் ரேடியேட்டர் நசுங்கும். ஆகவே ஜீப்பின் முன்னால் ஒரு முட்டுச் சட்டம் கட்டத் தீர்மானித்தேன்.

லாரியின் பின்கட்டை காலியாக முப்பத்து நாலு அங்குல உயரம், பாரத்தோடு முப்பத்தொன்று. மும்மூன்று தடவை அளந்தேன். பழைய பம்புசெட்டின் இரண்டங்குலக் குழாயை அறுத்து மூன்று கால்கள், குறுக்கே ஒரு வாகைப் பலகை, பலகையின் மேல் டயர் துண்டு. இரண்டு கால்கள் சேஸிஸ் நுனிகளில். பலகை வளையாமலிருக்க மூன்றாவது கால் பம்பரின் நட்டநடுவில். பம்பரை நான்கு தடவை அளந்து சரிபாதியில் சாக்பீஸால் கோடு போட்டேன். கோடு விழுந்த இடத்தில் ஒரு ஓட்டை. ராணுவத்துக்காரர்கள் அந்தப் பம்பரில் ஏழு ஓட்டைகள் விட்டிருந்தார்கள். இது அதில் ஒன்று என்று நினைத்தேன்.

ஜீப் டிரைவருக்கு ஐம்பது வயதிருக்கும். பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

“மாப்ளைங்க, அந்த நடுக்காலு வந்துங்க…”

“இருங்க டிரைவரே. அளக்கறப்பப் பேசாதீங்க. கணக்குத் தப்பிடும்.”

“செரிங்க.”

வெல்டிங் பட்டறையிலும் அப்படித்தான். வெல்டர் குழாயைக் கோட்டின் மேல் பிடித்துக்கொண்டு, “இங்கயேவாங்க வெக்கறது?” என்றார்.

“ஏன், கோடு தெரியலையா?”

அவர் டிரைவரைப் பார்த்தார். டிரைவர் தன் பீடியைப் பார்த்தார். “படிச்சவிய அளந்து போட்ட கோடு. வெச்சுருங்க” என்றார். அதைப் பாராட்டு என்று எடுத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை முதல் தள்ளு. ஜீப் மெதுவாக வந்து லாரியின் முதுகில் பலகையைப் பொருத்தியது. பன்னிரண்டு கஜத்துக்குள் லாரி உறுமிவிட்டது. “பரவால்லீங்க மாப்ள” என்றார் மாமனார். அந்த வீட்டில் எனக்குக் கிடைத்த முதல் நல்ல வார்த்தை.

அதற்குப் பிறகு மூன்று நாள் மழை. வெளுத்த துணி நாற்பத்திரண்டு மூட்டை ஈரத்தோடு தேங்கிவிட்டது. இன்னும் ஒரு நாள் கிடந்தால் மஞ்சள் பாயும். வெள்ளிக்கிழமை காலை வெயில் வந்தது. ஆள் எதற்கு, ஜீப்தான் இருக்கிறதே என்று, லாரி தள்ளும் எட்டுப் பேரையும் ஆறு மணிக்கே களத்துக்கு நடக்கவிட்டேன், கயிறு கட்டி வைக்க.

ஜீப்பில் சாவியைத் திருப்பினார் டிரைவர். ஒரு முனகல்கூட இல்லை. மூன்று நாள் மழையில் நின்ற பாட்டரி செத்திருந்தது. அவர் இறங்கி, சீட்டுக்கு அடியிலிருந்து வளைந்த இரும்புத் தடி ஒன்றை எடுத்து வந்து ஜீப்பின் முன்னால் நின்றார்.

“என்னது அது?”

“ஹேண்டிலுங்க. பாட்டரி போச்சுன்னா இதப் போட்டு இஞ்சினச் சுத்தித்தானுங்க வண்டிய எடுக்கோணும்.”

“அப்ப போடுங்க.”

“எதுலீங்க?”

நான் வந்த பிறகு ஒரு நாளும் அந்த ஜீப் ஹேண்டில் கேட்டதில்லை. அதை நுழைப்பதற்கென்றே விட்ட ஓட்டையின் மேல் என் நடுக்கால் நின்றது, ஒரு நூல்கூடத் தப்பாமல். ஒன்றரை அங்குலம் தப்பாக அளந்திருந்தால் பிழைத்திருப்பேன்.

“முன்னாடியே சொல்றதுக்கென்ன?”

“அளக்கறப்பப் பேச வேண்டான்னீங்க.”

“அளந்து முடிச்சப்புறம்?”

“நீங்க எப்பங்க முடிச்சீங்க?”

நான், டிரைவர், லாரி டிரைவர், வாட்ச்மேன், நான்கு பேராக ஜீப்பைத் தள்ளிப் பார்த்தோம். சேற்றில் ஒரு அடி நகரவில்லை. வாட்ச்மேனைச் சைக்கிளில் அனுப்பி எட்டுப் பேரையும் திரும்ப நடத்திக் கூட்டி வந்து, லாரியைத் தள்ளிக் களம் சேர்த்தபோது மணி பதினொன்றரை. பன்னிரண்டே காலுக்கு மழை. நாற்பத்திரண்டில் முப்பத்தொரு மூட்டை மஞ்சள்.

மாமனார் கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் சிரித்த முகமாகவே சொன்னார்: “எனக்கு அன்னிக்கே தெரியுமுங்க மாப்ள. படிச்சவிய, நீங்களே பாத்துச் செரி பண்ணிக்குவீங்கன்னு இருந்துட்டேன்.”

முப்பத்தொரு மூட்டை துணி கெட்டாலும் கெடட்டும், மாப்பிள்ளையிடம் ‘அது தப்பு’ என்று ஒரு வார்த்தை சொல்லிவிடக் கூடாது. இதற்குப் பெயர் மரியாதையாம். ஆளுக்கொரு ‘ங்க’ போட்டு என்னைக் குழியில் இறக்கினார்கள். ஒருவராவது ‘ஏண்டா மடையா’ என்று கேட்டிருந்தால் அவர் காலில் விழுந்திருப்பேன். விழுந்திருப்பேனா என்று யாரும் கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது.

தை வரைக்கும்கூட மாமனார் காத்திருக்கவில்லை. மறுவாரமே சாவி மைத்துனன் இடுப்பில் தொங்கியது. அவன் முதல் வேலையாக நடுக்காலை அறுத்தெறிந்தான். இரண்டு காலிலேயே அந்தச் சட்டம் நாலு வருடம் லாரி தள்ளியது. பலகை வளையவே இல்லை. அது இன்னொரு எரிச்சல்.

துணி கெட்ட அன்று சாயங்காலம் வீட்டில் விரல் மடக்கி எண்ணினேன். டிரைவர், வெல்டர், அவருடைய கையாள், லாரி டிரைவர், வாட்ச்மேன், டீக்கடைக்காரர், தள்ளுகிறவர்களில் இரண்டு பேர், மாமனார், மைத்துனன்.

“பத்துப் பேரு. பத்துப் பேருக்குத் தெரிஞ்சிருக்குது” என்று கத்தினேன்.

என் மனைவி முறத்திலிருந்த அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

“பதினொண்ணுங்க” என்றாள். “சோத்துக் கேரியர் வாங்க வந்தப்ப டிரைவர் சொன்னாருங்க. அம்மணி, நீங்களாச்சும் சொல்லுங்கன்னாரு.”

“சொல்லித் தொலைச்சிருக்கலாமல்ல?”

“சொல்லத்தானுங்க பட்டறைக்கு வந்தேன். நீங்க டயரு துண்டுக்கு ஆணி அடிச்சு எண்ணிக்கிட்டு இருந்தீங்க.”

இருபத்தாறு ஆணி. பத்தொன்பது வரைக்கும் நின்று பார்த்தாளாம். அதற்குள் உலைக்கு நேரமாகிவிட்டதென்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம்.