இரண்டு மணி

தொலைபேசி அழைப்புப் போடும் மோடம் கருவிக்கு, ‘இருக்கிறாயா’ என்று கேட்கும் ‘ஏடி’ கட்டளையை அனுப்பிவிட்டுத் திரையையே பார்த்திருப்பான். அது ‘ஓகே’ என்று பதில் எழுதியதும், “வந்துட்டியா ராசா!” என்பான். கூப்பிட்ட குரலுக்கு ஓடிவந்த பிள்ளையைக் கொஞ்சுவதுபோல் இருக்கும். அலுவலகத்தில் அவனுக்கு ‘ஓகே சார்’ என்றே பெயர் விழுந்துவிட்டது.

குளிர்கிடங்கில் குளிர் குறைந்தால் முதலாளியின் கைபேசிக்குத் தானே அழைப்புப் போடும், மோடம் பொருத்திய பெட்டி ஒன்று. அதற்கு நிரல் எழுதுவது அவன் வேலை. கையால் எழுத ஒன்றுமில்லாவிட்டாலும் சட்டைப் பையில் பேனா குத்தாமல் வரமாட்டான். “எங்க வம்சத்துலயே காலேஜ் வாசலை மிதிச்ச மொத ஆளு நான்தான்” என்பதை டீ ஆறுவதற்குள் ஒருமுறையாவது சொல்லிவிடுவான். அப்பாவைப் பற்றிக் கேட்டால் மட்டும் டம்ளருக்குள் எதையோ தேடுவான். “விவசாயந்தான், கொஞ்சம் பெரிய அளவுல.” அடுத்தவர் மாடுகளை மேய்ப்பதும் அந்தப் பெரிய அளவில் அடக்கம்.

சோதனை அழைப்பெல்லாம் அந்த அப்பாவுக்குத்தான். “ரெண்டு மணி அடிச்சு நின்னுடும். எடுக்காதீங்கப்பா, மிஷினு.”

“அடிக்கட்டும்ப்பா. நீ வேலையில இருக்கேன்னு நெனச்சுக்குவேன்.”

குளிர்கிடங்கு முதலாளி பெட்டியைப் பார்க்க வந்தார். அவருக்குப் பிடித்துவிட்டால் இவன்தான் குழுத்தலைவன். வேகம் காட்டும் ஆசையில் நிரலின் காத்திருப்பு நேரத்தைச் சுருக்கிவைத்திருந்தான். வழக்கம்போல் அப்பாவின் எண்ணுக்கே அழைப்புப் போட்டுக் காட்டினான். மோடம் ஒரு கட்டளையை முடித்து ‘ஓகே’ சொல்லுமுன் அடுத்ததை அனுப்பினால் அது செவிடன் காதில் ஊதிய சங்கு. அழைப்பைத் துண்டிக்கச் சொன்ன கட்டளை அப்படித்தான் போயிற்று. மூன்றாவது மணியும் அடித்தது, நான்காவதும். பெட்டியின் ஒலிபெருக்கியில் முதலில் ஒரு மாடு கத்தியது.

“தம்பி! ரெண்டுல நிக்குமே, நிக்கலியே! ஒடம்புக்கு ஏதும் ஆயிருச்சாப்பா?” ஓடிவந்து எடுத்த மூச்சிரைப்பு அறை முழுவதும் கேட்டது.

முதலாளி சிரித்தார். “யாருங்க இது, மாடும் கன்னுமா?”

“யாரோ பெரியவர் சார். டெஸ்ட் நம்பர்.”

பெட்டியில் மைக்கும் உண்டு என்பது சொன்ன பிறகுதான் அவன் நினைவுக்கு வந்தது.

அந்தப் பக்கம் மூச்சிரைப்பு அடங்கியது. “ஆமாங்கய்யா… தெரியாம எடுத்துட்டேனுங்க. மன்னிச்சுக்குங்க.” அவரே வைத்துவிட்டார்.

காத்திருப்பு நேரத்தைப் பழையபடி போட்டு மறுபடி அழைத்தான். இரண்டு மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. அழைப்பு ஒழுங்காக அறுந்தது. திரையில் ‘ஓகே’ வந்து நின்றது. அன்று அதைக் கொஞ்ச ஆளில்லை.

“பிரமாதம் தம்பி! அந்தப் பெரியவருக்கு ஒரு நன்றி சொல்லிருங்க.”

தலையாட்டினான். அழைப்பு அறுந்துபோன பெட்டியின் ஒலிக் குமிழை, கூடும் பக்கமாக, அதற்குமேல் திரும்பாது என்ற பிறகும் திருகிக்கொண்டிருந்தான்.