நாலாவது கிளாஸ்

இது நடந்தது. சத்தியமாக நடந்தது. பேய் என்றால் நடுச்சாமமும் நாய் ஊளையும் வேண்டும் என்பவர்கள் வேறு கதை பார்க்கலாம். இது பாரிஸில், தமிழ்க் கடைகள் நிறைந்த லா சப்பலில், வெயில் எறித்துக்கொண்டிருந்த ஒரு ஜூன் மாலையில் நடந்தது. அந்த மாதம் அங்கே பத்து மணிக்குத்தான் இருட்டும்.

தாட்சாயினிக்கு ஒரு காப்புறுதி அலுவலகத்தில் வேலை. கணவன் கிருஷாந்த் உணவகமொன்றில் சமையல்காரன். நாள் முழுக்க அடுப்படியில் நின்றுவிட்டு வந்து ஒரு பியர் குடிப்பான். ஒன்றுதான். குடிக்க முதல் சுட்டுவிரலை அதில் தோய்த்து ஒரு துளியை நிலத்தில் விடுவான். இரண்டாயிரத்தொன்பது மே மாதம் வன்னிப் போரில் தம்பி செத்ததிலிருந்து வந்த பழக்கம் அது. தம்பிக்குக் கொடுக்காமல் அவனுக்குத் தொண்டையில் இறங்காது. அவளுக்கோ கம்பளம் பழுதாகிறதே என்ற கவலை.

அவனுக்கு ஓர் ஆசை இருந்தது. மனைவியோடு ஒரு மாலை பார் பாராக நடக்கவேண்டும். வழிகாட்டி ஒருவர் கூட்டிப்போய், ஒவ்வொரு பாரின் கதையையும் சொல்லி, ஆளுக்கொரு சின்னக் கிளாஸ் வாங்கித் தருவாராம். ஒருநாள் படுக்கையில் போனை நீட்டி மூன்று உலாக்களைக் காட்டினான். பஸ்தீல் பகுதியில் இளசுகள் கத்திக்கொண்டு போவது ஒன்று. மோன்மார்த்தில் சுற்றுலாப் பயணிகளுக்கு ஒன்று. மூன்றாவது லா சப்பல் மெட்ரோ வாசலில் தொடங்கி, கால்வாய்ப் பக்கம் நாலு பார்களுக்குப் போவது.

"இஞ்சேரும், இதுக்குப் போவமே? வீட்டடியிலைதான் துவங்குது. உமக்குக் கால் நோகாது."

"லா சப்பலிலையோ? சனம் பாத்தா என்ன கதைக்கும்? குடிகாரனோடை றோட்டிலை திரிய எனக்கு வெக்கமாக் கிடக்கு."

அவன் போனை அணைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தான். மறுநாள் வேலை முடிந்து வரும்போது மெட்ரோப் படியில் நெற்றி அடிபட விழுந்தான். மாரடைப்பு. குடிப்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று டொக்டர் சொன்னார். அவள் கேட்கவில்லை. யார் மேலாவது கோபப்படவேண்டும் அல்லவா, பியர் மேல் கோபப்பட்டாள். எட்டாம் நாள், செத்தவருக்குப் பிடித்ததையெல்லாம் படைக்கும் எட்டுச் செலவன்று, கணவாய்க் கறி வைத்தாள், முட்டைப் பொரியல் வைத்தாள். பியர் வைக்கவில்லை.

"வையுங்கோ மச்சாள்," என்று அவனுடைய தங்கை அஜந்தா கெஞ்சினாள். "அண்ணை பாவம்."

"நான் வைக்கமாட்டன். அதுதானே அவரைக் கொண்டுபோனது."

ஆறு மாதத்தில் அந்தக் கோபம் வற்றிவிட்டது. அவரைத் தாகத்தோடு அனுப்பிவிட்டேனே என்பது மட்டும் மிஞ்சியது. தண்ணீர் குடிக்கும்போதெல்லாம் அழுதாள். கடைசியில் ஒருநாள் அந்த மூன்று உலாக்களையும் தன் போனில் தேடி எடுத்தாள். முதல் இரண்டுக்கும் போனால் தெரிந்தவர் கண்ணில் படமாட்டாள். மூன்றாவதுக்குப் போனால், புருஷனைப் பறிகொடுத்தவள் பாருக்குள் நுழைகிறாள் என்று தமிழ்ச் சனம் திரியும் ரூ பெர்தொனே தெரு முழுக்கக் கதைக்கும். அவள் மூன்றாவதைத்தான் தெரிந்தெடுத்தாள். குறைந்தது இரண்டு பேருக்குப் பதியவேண்டும் என்றிருந்தது. இரண்டு என்று அழுத்தினாள்.

வழிகாட்டியின் பெயர் மர்கரீத். அறுபது வயது மதிக்கலாம், சிவப்புச் சால்வை. மெட்ரோ வாசலில் பிரெஞ்சில் விசாரித்தார்.

"உங்கள் கணவர்?"

"வரமாட்டார்."

செத்துவிட்டார் என்று சொல்ல வாய் வரவில்லை. பிந்தி வந்தாலும் சேர்ந்துகொள்ளட்டும் என்று மர்கரீத் சிரித்துவிட்டு நடந்தார். கூட இன்னும் நாலு பேர் வந்தார்கள்.

முதலாவது பார். ஏழு நாற்பது. இரண்டு பேருக்குப் பதிந்திருந்ததால் அவள் முன்னால் இரண்டு கிளாஸ் வைத்தார்கள். ஒன்றைப் பக்கத்துக் கதிரைக்கு முன்னால் நகர்த்தினாள். மர்கரீத் சொன்ன கதையைக் கேட்டுவிட்டுத் திரும்பினாள். அந்தக் கதிரைக்குக் கீழே, தரையில், ஒரு துளி ஈரம். பரிமாறியவன் சிந்தியிருப்பான் என்று கடதாசியால் துடைத்துவிட்டாள். பழக்கதோஷம்.

இரண்டாவது பார். எட்டு இருபது. வெளியே, வெயிலில் மேசை. கல்லுத் தரை காய்ந்து கிடந்தது. யாரும் கிட்ட வரவில்லை. அவள் கண்ணை எடுக்கவுமில்லை, ஒரு தும்மல் நேரம் தவிர. கல்லில் ஒரு துளி. கிளாஸில் பியர் ஒரு விரலளவு இறங்கியிருந்தது.

துடைக்கக் கை வரவில்லை...

எழும்பிப் போகும்போது மர்கரீத் அவளுடைய தோளுக்கு மேலால் யாரையோ பார்த்துத் தலையசைத்தார். தாட்சாயினி திரும்பிப் பார்த்தாள். வெறும் தெரு.

மூன்றாவது பார். ஒன்பது மணி.

உள்ளே மூலை மேசை. முதலில் வாசம் வந்தது. பொரித்த வெங்காயம், வேர்வை, சவர்க்காரம். அவனுடைய சட்டையை அவள் எத்தனை தரம் தோய்த்திருப்பாள்!

கதிரை கிறீச்சிட்டது.

டக்... ஒரு துளி விழுந்த சத்தம்.

அவள் திரும்பவில்லை. பயம் பாதி. திரும்பினால் போய்விடுவாரோ என்ற பயம் மீதி.

"என்னப்பா..."

ஓரக்கண்ணால் மேசையைப் பார்த்தாள்.

கிளாஸ் காலியாக இருந்தது.

முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூட வந்தவர்கள் எழும்பிப் போனதுகூடத் தெரியவில்லை. வாசலில் மர்கரீத் யாரோடோ மெதுவாகக் கதைத்துக்கொண்டிருந்தார்.

நாலாவது பார். ஒன்பது ஐம்பது. வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் தயாராக வந்தாள். கிளாஸைத் தானே எடுத்துவைத்தாள். சுட்டுவிரலைத் தோய்த்து, தம்பிக்கு ஒரு துளி விட்டாள். பிறகு அவனுக்கு ஒரு துளி.

"இந்தாங்கோ, குடியுங்கோ. நான் இனி ஒண்டும் சொல்லமாட்டன்."

காத்திருந்தாள். நுரை அடங்கியது. கதிரை அசையவில்லை. வாசமும் இல்லை. மேசையைத் துடைக்க வந்தவன் முழுக் கிளாஸையும் தூக்கிக்கொண்டு போனான். எல்லாம் மனப்பிரமைதான் என்று தன்னையே தேற்றிக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

மூன்றாம் நாள் மர்கரீத்திடமிருந்து போன் வந்தது.

"உங்கள் கணவர் சுகமா? கடைசிப் பாருக்கு அவர் வரவில்லையே."

தாட்சாயினி போனை மற்றக் காதுக்கு மாற்றினாள். "எந்தக் கணவர்?"

"வெள்ளைச் சமையல் சட்டை போட்டவர். நெற்றியில் காயம் இருந்தது. நீங்கள் சொல்லாமலே எனக்குத் தெரிந்துவிட்டது, உங்களுக்குள் ஏதோ சண்டை என்று. ஒவ்வொரு பார் வாசலிலும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார். அவளுக்கு இன்னும் என்மேல் கோபமா என்று. முதல் இரண்டு முறையும் எனக்குத் தெரியாது என்றேன்."

"மூன்றாவது முறை?"

"கோபமில்லை, மனைவி உங்களை நினைத்து அழுகிறார் என்றேன். அவரும் அழுதார், மேடம். அப்படியே மெட்ரோப் பக்கம் திரும்பி நடந்தார். இன்னும் ஒரு கிளாஸ் மிச்சம் இருக்கிறதே என்று கூப்பிட்டேன். படியில் இறங்கிவிட்டார்."